இரண்டே காலுக்குக் கேட்ட சுத்தியல்

இது எனக்கு நடந்தது. சிநேகிதனுக்கு நடந்தது, மாமாவின் மச்சானுக்கு நடந்தது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை. பட்டப்பகல். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேய் இருட்டினால்தான் வரும் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் பெயர் பிரகலாதன். திருகோணமலைக் கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞர். மனைவி நிரோஜினி ஆஸ்பத்திரியில் தாதி. மகள் அபிஷனாவுக்கு அப்போது நாலரை வயது. அந்த வருடம் ஜூன் கடைசியில், உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் பழைய வீடொன்றுக்குக் குடிபோனோம். வீட்டுக்காரர் கனகரத்தினம் ஐயா கப்பல்துறைக் கிராமத்தில் மகனோடு இருந்தார். வீட்டுத் திறப்பைக் கையில் தரும்போது ஒன்றை மட்டும் சொன்னார்.

"திருத்த வேலை ஏதும் எண்டால் நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ தம்பி. என்னைக் கூப்பிடாதேங்கோ. நான் அங்க வரமாட்டன்."

வயது போன மனிதர், அலைய ஏலாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கிழமையிலேயே அந்த வீடு எங்களோடு சண்டைக்கு வந்துவிட்டது. குசினி யன்னல் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. குளிர்சாதனப்பெட்டியைச் செருகினால் முன்னறை விளக்கு மங்கும். கூரையில் ஒரு ஓட்டை மாற்றினால் பக்கத்து ஓட்டால் ஒழுகும். உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. கதவுப் பிணைச்சலில் திருகாணியைத் தொட்டால் அது மாவாகக் கொட்டும். வேலையால் வந்து சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குறடும் ஸ்பானரும் தூக்குவதே என் பொழுதாகப் போனது. "திருத்த வேலை பாக்கிற பாஸ் ஒருத்தரைக் கூப்பிடுங்கோவன்" என்று நிரோஜினி தினமும் சொல்வாள். "எனக்கு ஏலும்" என்று நானும் தினமும் சொல்வேன். அந்த ஒரு சொல்லில் எங்களுக்குள் எத்தனை சண்டை!

எல்லாவற்றிலும் மோசமானது குளியலறை. குசினிக்குப் பின்னால், நாலடிக்கு ஐந்தடி. யன்னல் கிடையாது. மேலே இருந்த காற்றுத் துவாரத்தையும் குரங்கு வராமல் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பகலிலும் பல்ப் போடாவிட்டால் கை தெரியாது. கதவு பழைய பலகைக் கதவு, உள்பக்கமாகத் திறப்பது. பச்சைப் பெயின்ற் தடிப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருந்தது.

அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கவில்லை. நான் வாங்கி வந்து பூட்டினேன். நாலு திருகாணி. இறுக்கமாக.

அடுத்த நாள் பின்னேரம் வந்து பார்த்தால் தாழ்ப்பாள் கீழே கிடந்தது. திருகாணிகள் விழுந்து சிதறவில்லை. நாலும் தலைகீழாக, கூர் மேலே பார்க்க, நிலத்தில் வரிசையாக நின்றன.

"அபி, நீயோ செய்தனீ?"

"இல்லை அப்பா."

அவளுக்கு அந்த உயரம் எட்டாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவளைத்தான் ஏசினேன். திரும்பப் பூட்டினேன். இரண்டு நாளில் திரும்பவும் அதே வரிசை. மூன்றாவது தரம் உள்பக்கக் கைபிடியும் சேர்ந்து கழன்று கிடந்தது. "உங்கட வேலை இவ்வளவுதான்" என்றாள் நிரோஜினி. கோபத்தில் தாழ்ப்பாளைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன்.

ஜூலை நடுவில் பக்கத்து வீட்டு சுஹைரா வாசலுக்கு வந்தார். சிரிக்கவில்லை.

"நீங்க என்ன வேல பாக்கிறீங்க இங்க? ஒவ்வொரு நாளும் ரெண்டு, ரெண்டரைக்கு டொக்கு டொக்கெண்டு ஆணி அடிக்கிற. என்ட உம்மா படுத்த படுக்கையா இரிக்கிறா. கண்ண மூட ஏலாம இரிக்கி அவக்கு."

"அந்த நேரம் நாங்கள் ரெண்டு பேரும் வேலையில அக்கா. பிள்ளை நேசரியில. வீடு பூட்டிக் கிடக்கும்."

"அப்ப நான் பொய்யா சொல்றன்?"

படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒழுங்கையில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த மனுசிக்கு எங்களைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டினேன். வேறு எப்படி நினைப்பது?

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

அபிக்கு முதல் நாள் காய்ச்சல். நேசரிக்கு விடவில்லை. நான் லீவு போட்டு நின்றேன். நிரோஜினிக்கு ஒரு மணி தொடக்கம் ஏழு மணி வரை டியூட்டி. குளியலறைப் பைப் மூன்று நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது.

"நான் வரேக்க அந்தப் பைப் நிண்டிருக்கோணும். இல்லையெண்டால் சனிக்கிழமை நான் பாஸைக் கூட்டிக்கொண்டு வருவன். கேட்டுதோ?" இதைச் சொல்லிவிட்டுப் போனாள். போய்வருகிறேன் என்று கூடச் சொல்லவில்லை.

ஒன்று நாற்பதுக்கு அபிக்குக் கஞ்சி கொடுத்து, மருந்து கொடுத்து, முன்னறையில் பாயில் படுக்க வைத்தேன். உடனே நித்திரையாகிவிட்டாள். போனைச் சார்ஜில் போட்டேன். தாங்கியின் வால்வைப் பூட்டிவிட்டு, குறடு, ஸ்பானர், புது வாசர் மூன்றையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். சுத்தியல் தேவையில்லை. அது குசினி அலுமாரிக்கு மேல், ஆயுதப் பெட்டிக்குள் இருந்தது. அபி எடுக்காமல் அந்தப் பெட்டிக்கு எப்போதும் பூட்டுப் போட்டிருப்பேன். திறப்பு என் காற்சட்டைப் பையில்.

கதவு சாத்தாமல் இருக்க, தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். பிள்ளை அழுதால் கேட்க வேண்டுமே.

பைப் அசையவில்லை. துரு. கையில் தோல் உரிந்தது. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி முடித்தேன்.

இரண்டு மணி எட்டு நிமிடம். பல்ப் அணைந்தது.

கரண்ட் போய்விட்டது. குசினியில் குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சலும் நின்றது. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் எழும்பி நின்றேன்.

சர்ர்ர்...

எனக்குப் பின்னால் வாளி நகர்கிற சத்தம். நிலத்தில் அரைபட்டு, மெதுவாக.

திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. யாரோ கவனமாகச் சாத்துவது போல... டப்.

கன்னங்கரேல் என்ற இருட்டு.

காற்று என்று நினைத்தேன். காற்று வாளியை நகர்த்துமா என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. தடவிக்கொண்டு போய்க் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். கைபிடிதான் இல்லையே. விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. குறட்டை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். இறுகிப்போய் நின்றது. மழைக்காலத்தில் ஊதின பலகை போல. ஆனால் அது கொதிக்கிற ஓகஸ்ட்.

கையில் மணிக்கூடு இருந்தது, முள் இருட்டில் மினுங்குகிற வகை. இரண்டு பதினொன்று.

அபியைக் கூப்பிட நினைத்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஏன் பயப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப இழுக்கலாம்.

தூரத்தில், துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நீளமாக. அது நின்ற பிறகு...

டொக்.

கதவில்.

நான் மூச்சை அடக்கினேன்.

டொக். டொக். டொக்.

ஆணி அடிக்கிற சத்தம். அதில் சந்தேகமே இல்லை. முதல் அடி மெதுவாக, ஆணியை நிறுத்துவதற்கு. பிறகு மூன்று அடி பலமாக. கடைசி அடியில் இரும்பு பலகையோடு சேருகிற அந்தத் தட்டையான சத்தம். வேலை தெரிந்த கை.

இரண்டே கால்.

"ஆரது?"

கதவில் காதை வைத்தேன்.

"ஆரது எண்டு கேக்கிறன்! உள்ளுக்கு ஆள் நிக்கிறன்!"

டொக்... டொக். டொக். டொக்.

அடுத்த ஆணி. முதல் ஆணிக்குச் சற்றுக் கீழே.

கள்ளன் என்று நினைத்தேன். முன்கதவை நான் பூட்டவில்லை, வெறுமனே சாத்தியிருந்தேன். வீட்டுக்குள் எவனோ வந்து என்னை அடைக்கிறான். முன்னறையில் என் பிள்ளை தனியே படுத்திருக்கிறாள்.

"டேய்! கதவைத் திற!"

இரண்டு கையாலும் குத்தினேன். காலால் உதைத்தேன். நான் குத்தக் குத்த அவனும் அடித்தான். அவசரப்படவில்லை. கோபப்படவில்லை. ஒரே அளவாக.

டொக்... டொக். டொக். டொக்.

ஏதோ என் பாதத்தில் விழுந்தது. பலகைச் சிராய். துருத் தூள். வெறுங்காலில் பொலபொலவென்று.

எத்தனை ஆணி என்று கேட்காதீர்கள். எண்ணுகிற நிலையில் நான் இல்லை.

கதவுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதில் குசினி வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஆளின் காலையாவது பார்ப்போம் என்று ஈர நிலத்தில் குப்புறப் படுத்தேன். கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தேன்.

குசினி நிலம் தெரிந்தது.

மேசைக் கால் தெரிந்தது. அபியின் ஒரு செருப்பு தெரிந்தது.

வேறு ஒன்றும் இல்லை.

கதவுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

என் தலைக்கு மேலே, கதவில்... டொக். டொக். டொக்.

கன்னத்தை நிலத்தோடு அழுத்தி இன்னும் பார்த்தேன்.

அப்போது சின்னக் கால்கள் இரண்டு குசினிக்குள் வந்தன. வெறுங்கால். அபி.

"அப்பா..."

"அபி, கிட்ட வராதே! அங்கேயே நில்!"

"ஏன் அப்பா அடிக்கிறீங்கள்?"

"நான் இல்லை! அங்க ஆரும் நிக்கினமோ? உனக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

டொக்.

"அப்பா, அடிக்காதேங்கோ... எனக்குத் தலை இடிக்குது."

"அபிக்குட்டி, சுஹைரா அன்ரியிட்ட ஓடு. அன்ரியைக் கூட்டிக்கொண்டு வா. ஓடு! திரும்பிப் பாக்காதே!"

கால்கள் ஓடின. படலை கிறீச்சிட்டது.

பிள்ளை வெளியே போய்விட்டாள். அந்த நேரம் எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

எழும்பினேன். இடது கையை விரித்துக் கதவில் வைத்தேன். ஆணியின் கூர் எங்காவது என் பக்கம் வந்திருக்கிறதா என்று தடவினேன்.

ஒன்றும் இல்லை. பெயின்ற் மட்டும்.

சுத்தியல் நின்றுவிட்டது.

இரண்டு இருபத்தொன்பது.

தண்ணீர்த் துளி ஒன்று விழுந்தது. இன்னொன்று.

துரு மணந்தது. பழைய இரும்பைக் கிட்ட வைத்து மணப்பது போல.

பிறகு... என் புறங்கையில் ஏதோ பட்டது.

கூராக.

குளிர்ச்சியாக.

மட்டத்தேள்! கடித்துவிடும் என்று கையை உதறி இழுத்தேன்.

டொக்!

அவ்வளவு பலமாக அதுவரை அடிக்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முருகா, முருகா என்று சொன்னேன்.

"மனிசரா நீங்கெல்லாம்?"

சுஹைராவின் குரல். குசினிக்குள்.

"எத்தின தரம் சொல்ற? ரோட்டு வரைக்கும் கேக்குது! காய்ச்சக்காரப் புள்ளய வெயிலுக்க ஓட விட்டுட்டு இங்க ஆணி அடிச்சிட்டு இரிக்கிறீங்க!"

"அக்கா, கதவு... கதவை உடையுங்கோ... ஆணி அடிச்சிருக்கு..."

"என்ன ஆணி?"

அவர் ஒற்றைக் கையால் தள்ளினார். கதவு திறந்தது. காற்றுக்கு அசைகிற கதவு போல, சும்மா.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. சுஹைரா இன்னும் திட்டத் தயாராகத்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினார். அபியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெளிய வாங்க" என்றார். "முதல்ல வெளிய வாங்க."

கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு ஆணியும் இல்லை. ஒரு கீறலும் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கினேன். பூட்டு அப்படியே இருந்தது. திறந்து சுத்தியலை எடுத்தேன். உடனே கீழே போட்டுவிட்டேன்.

அதன் பிடி சூடாக இருந்தது. யாரோ அதுவரை இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு வைத்தது போல.

இரவு ஏழரைக்கு நிரோஜினி வந்தாள். நான் சொல்ல எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "பைப் இன்னும் அப்பிடியே கிடக்குது" என்றாள். நான் வேலைக்குக் கள்ளமடிக்கக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். அன்று நாங்கள் கதைத்த கதைகளை இங்கே எழுத ஏலாது. அடுத்த நாள் சுஹைரா வந்து தான் கேட்டதைச் சொன்ன பிறகுதான் அடங்கினாள். அப்போதும் முழுதாக நம்பவில்லை.

"கதவு இறுகியிருக்கு. நீங்கள் குத்தின சத்தம்தான் அவவுக்குக் கேட்டிருக்கு. கதவை மாத்தினால் சரி."

நான் அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டேன். பின்வளவுக் கிணற்றில் குளித்தோம். உள்ளே ஒருவரும் போகவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிரோஜினி சொன்னபடியே ஆளைக் கூட்டி வந்தாள். இல்ஹாம், கிண்ணியாவில் தச்சு வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும். கதவைக் கழற்றி முற்றத்தில் வெயிலில் போட்டார். பலகை நல்ல முதிரை மரம், எறிய வேண்டாம், சீவித் தருகிறேன் என்றார். பெயின்ற்றைச் சுரண்டத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தக் கதவ முந்தி ஆரோ ஆணி வெச்சி அறைஞ்சிரிக்கிறாங்க. பாருங்க, பெயின்ற்றுக்குக் கீழ எல்லாம் ஓட்ட. மக்கு வெச்சி அடைச்சிரிக்கி. ஒம்பது இரிக்கி."

நிரோஜினி என் முகத்தைப் பார்த்தாள்.

"வெளியால இருந்துதானே அடிச்சது?" என்று கேட்டேன்.

இல்ஹாம் கதவைப் புரட்டினார். ஒரு பக்கத்தைத் தடவினார். திரும்பப் புரட்டி மற்றப் பக்கத்தைத் தடவினார். நிமிர்ந்தார்.

"இல்ல. வெளிப்பக்கம் ஒண்டுமில்ல. சுத்தியல் பட்ட குழி எல்லாம் இந்தப் பக்கம். உள்ளுக்கு நிண்டுதான் அடிச்சிரிக்கி."



கனகரத்தினம் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். குளியலறைக் கதவைக் கழற்றினோம், ஆணி ஓட்டை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஐயா ஒன்றே ஒன்று கேட்டார்:

"கழட்டேக்க உள்ளுக்கு ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. ஏன் ஐயா?"

போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனையோ தரம் எடுத்தேன். இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை. திறப்பைக் கூட மகன்தான் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே சாமான்களைக் கட்டினோம். அதற்கு முன், ஐயா தொடர்பை அறுத்த கையோடு, நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, இல்ஹாம் திரும்பவும் குரல் கொடுத்தார்.

"தம்பி, இது என்ன? அந்த ஒம்பதும் பழசு. பெயின்ற்றுக்குக் கீழ. இது பெயின்ற்றுக்கு மேலால போயிரிக்கி. ஆணியச் சுத்திப் பலகை வெள்ளையா இரிக்கி, பாருங்க. இது இப்ப அடிச்ச ஆணி."

கதவின் உள்பக்கம். நெஞ்சு உயரம். நான் இடது கையை விரித்து வைத்திருந்த அதே இடம்.

அன்று என் புறங்கையில் பட்டது மட்டத்தேள் அல்ல.